கதவு திறந்திருக்கிறது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. உழவர்கரையில் நான் பெட்டி தூக்கும் ஐஸ்கிரீம் கிடங்கில், கம்ப்யூட்டர் திரையில் ஓடிய வரிகளைப் பார்த்துத்தான் எழுதும் ஆசையே வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் எழுத்துக்கூட்டக் கற்றவன் நான். எழுத்து எங்கே ஓடினாலும் நின்று பார்ப்பேன்.

குளிர் அறையைக் கண்காணிக்க முதலாளி ஜானகிராமன் ஒரு மென்பொருள் வைத்தார். ஏஜென்ட் என்று பெயர். (எங்கள் பக்கம் ஏஜென்ட் என்றால் மனை விற்பவர். இவர் எதையும் விற்கவில்லை. பார்த்ததைத் தமிழில் எழுதுவார், அவ்வளவுதான்.) எழுதியது முதலாளிக்கும் போகும், பாதிப் பங்கு போட்ட அவர் மச்சான் செம்மலின் போனுக்கும் போகும்.

2

முதல் தொடக்கம்: 'சித்திரை வெயில் கொளுத்திய மதியம் நான் எழுந்தேன். துண்டை உதறினேன். தும்மினேன். பெட்டியைத் தூக்கினேன். இறக்கினேன். மறுபடி—'

வேண்டாம். ஏஜென்ட்டும் முதல் வாரம் இப்படித்தான் எழுதினார். மோட்டார் ஓடுகிறது. இன்னும் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. செம்மலின் போன் திணறி நின்றே போனது. அதனால் லாஸ்பேட்டையிலிருந்து சிந்துஜா என்கிற பெண் ஸ்கூட்டரில் வந்தார், சரிசெய்ய.

ஏஜென்ட் எழுதுவதற்கு லாக், அதாவது பதிவேடு, என்று பெயராம். அதற்கு லெவல் வைக்கலாமாம். எல்லாவற்றையும் எழுது, எச்சரிக்கையை எழுது, பிழையை மட்டும் எழுது. கதை எழுதுகிற எனக்கு இதை யாரும் முன்பே சொல்லவில்லை.

பிழை மட்டும் என்று வைத்தால் என் கதை இவ்வளவுதான்: 'தாமரைச்செல்வியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.' ஆனால் அது இன்னும் நடக்கவில்லை. நடக்குமா என்பதுதான் கதை.

3

தாமரைச்செல்வி எங்களோடு லேபிள் ஒட்டுபவர். வயது ஐம்ப— (அடித்துவிட்டேன். அவர் படிப்பார்.) தகரக் கூரைக்குக் கீழே வேலை. சாப்பிட்டதும் குளிர் அறைக் கதவைத் திறந்து, வாசலில் முதுகை ஆற்றிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அவர் மட்டும் நெடுநேரம் நிற்பார்.

"உள்ளேர்ந்து எரியுதுண்ணே. மாசாமாசம் வர்றது நின்னதுலேர்ந்து இப்படித்தான். டாக்டரம்மா காத்தோட்டமா இருன்னாங்க. இங்க ஏது காத்து?"

(இதை ஓர் ஆண் எழுதலாமா? அவரிடமே கேட்டேன். எழுதிக்கோ, ஆனால் ஒல்லியாக இருப்பதாக எழுது என்றார். தாமரைச்செல்வி ஒல்லி.)

கப்பில் ஐஸ்கிரீம் இளகுவதைப் பார்த்த முதலாளி, கதவைத் திறந்துவைப்பது யார் என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

4

சிந்துஜா லெவலை எச்சரிக்கையில் வைத்தார். கதவைத் திறந்து உடனே மூடினால் ஏஜென்ட் எழுதமாட்டார். திறந்தே இருந்தால், மூடும்வரை திரும்பத் திரும்ப எழுதுவார். சோதிக்க யாராவது கதவைத் திறந்து நிற்க வேண்டும். ஒருவரும் நகரவில்லை. தாமரைச்செல்வி லேபிளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியே போய் நின்றார். செம்மலுக்கு போன் போட்டு, சோதனைக்காக ஒரு வரி வரும் என்றார். வந்தது: 'எச்சரிக்கை. கதவு திறந்திருக்கிறது.' போதும் சார் என்றார் சிந்துஜா. முதலாளி காதில் வாங்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். திரும்பி முதுகைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் செம்மல்:

"ஒரு வரின்னீங்களே மாமா, நாலு வந்துருக்கு. யாரு அது? இன்னைக்கே அனுப்பிடுங்க."

முதலாளி போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மீதி மூன்று வரியை எடுத்துவிடும்மா என்றார்.

"அது போயிடுச்சு சார். இனிமேலுக்கு வேணா மாத்தலாம். ஆனா ஆள் பார்த்துல்லாம் எழுதாது. கதவு வரி யார் நின்னாலும் வரும், இல்லன்னா யாருக்கும் வராது. எப்படி வைக்கட்டும்?"

5

முடிவு ஒன்று: எல்லோருக்கும் வரட்டும் என்கிறார் முதலாளி. தாமரைச்செல்வி பையை எடுத்துக்கொண்டு— (எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: யாருக்கும் வேண்டாம் என்கிறார். வைகாசிக்குள் மொத்தச் சரக்கும் பாயசமாகி, எங்கள் எல்லோருக்கும்— (இதுவும் வேண்டாம்.)

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். தாமரைச்செல்வி லேபிள் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே போனார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். எனக்கு எரியுது."

போனுக்குள் செம்மல் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிந்துஜாவின் கை மவுஸ் மேல் காத்திருந்தது. முதலாளி தாமரைச்செல்வியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு வாசலின் ஓரத்துக்கு ஒதுங்கி இடம் விட்டார். இருவரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

திரையில் ஐந்தாவது வரி வந்தது. முதலாளி செம்மலிடம் யார் பெயரைச் சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. மவுஸ் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. லெவலை நீங்கள் வையுங்கள். வைக்கிறவரை கதவை நான் மூடமாட்டேன்.