அடக்கிப் பழகிய உடம்பு

காய்ச்சல் இறங்கிய காலையில், பிழைத்துவிட்டோம் என்றுதான் மலர்விழிக்குத் தோன்றியது. உடம்பு சில்லென்று இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் மட்டும் பண்டமாரான் அடுக்குமாடி வீட்டின் சுவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

டிங்கி, கொசு கடித்து வரும் காய்ச்சல். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். இதற்குத் தனி மருந்து கிடையாது, தண்ணீர்தான் மருந்து, தினமும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், காய்ச்சல் விடும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும் என்று டாக்டர் ஷாமினி படித்துப் படித்துச் சொன்னார். மலர்விழி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுவது வேலையில் பழகியது.

சுபாங் ஜெயாவில் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் வாசலில் அவளுக்கு ஜாகா வேலை, காவலுக்கு நிற்பது. காவல் அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு விசிறி, தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்க ஒரு பொத்தான். கழிப்பறை கிடையாது. அது கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தின் கடைசி மூலையில் இருந்தது. போக வேண்டுமென்றால் வாக்கி-டாக்கியில் மாற்று ஆள் கேட்க வேண்டும். ஆள் வருவதற்குள் காருக்குள் இருப்பவன் ஹாரன் அடிப்பான், கண்ணாடியை இறக்கித் திட்டுவான், சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் முகுந்தனுக்குப் புகார் போய்விடும். அதனால் அவள் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். மத்தியானம் சோறு இறங்க ஒரு வாய், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: “நாக்க நனைச்சுக்க. முழுங்காத.”

அவள் புருஷன் கன்னையா துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். வரிசையில் நின்றால் நின்றதுதான், அவனுக்கும் அதே பாடு.

“எனக்காச்சும் ஒன்னுக்குப் போக போத்தல் இருக்கு. ஒனக்கு என்னா இருக்கு?” என்று சிரிப்பான்.

“மானம் இருக்கு” என்பாள்.

காய்ச்சலில் படுத்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பார்லித் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். குடித்தால் குமட்டியது. குமட்டாவிட்டாலும் எழுந்து போக வேண்டியிருந்தது. முட்டிகள் கழன்று விழுவதுபோல வலித்தன. பழைய வழியே மேல் என்று நாக்கை நனைத்துக்கொண்டு படுத்தாள். திரும்பி வந்து “குடிச்சியா?” என்று கேட்டால் “குடிச்சேன்” என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. அவள் கணக்கில் அதுதான் குடிப்பது.

அன்று காலை முகுந்தன் போன் செய்தான்.

“அக்கா, காய்ச்சல் விட்டுருச்சாமே? நாளைக்கு வந்துருங்க லா.”

“டாக்டர் குடுத்த எம்சி லீவு இருக்கு முகுந்தா.”

“ஒங்களுக்கு எம்சி இருக்கு. கேட்டுல நிக்க யாரு இருக்காக்கா?”

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். சீருடையைத் துவைத்துப் போட்டோமா என்று யோசித்தபடியே கன்னையாவோடு ரத்தம் கொடுக்கப் போனாள்.

டாக்டர் அவள் உள்ளங்கையைத் தொட்டார். நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார்.

“வயிறு வலிக்குதா ஆன்டி?”

“லேசா. பசியா இருக்கும்.”

“கடைசியா ஒன்னுக்கு எப்ப போனீங்க?”

தெம்பாகப் பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி. “நேத்துப் பொழுது சாயறதுக்கு முன்னாடி போனது டாக்டர். அப்புறம் ஒரு தடவகூட எழுந்திரிக்கல.”

“அவ அடக்கிட்டான்னா நாள் பூரா தாங்குவா” என்று கன்னையாவும் எடுத்துக் கொடுத்தான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். “அடக்கல அங்கிள். அடக்கறதுக்கு உள்ள தண்ணியே இல்ல. காய்ச்சல் விட்டதும் ரத்தக்குழாய்லேருந்து தண்ணி கசியும். அந்த நேரம் பார்த்து இவங்க குடிக்காமயும் இருந்திருக்காங்க. இப்படியே விட்டா பிரஷர் விழுந்துரும். உயிருக்கே ஆபத்து.”

“நாளைக்கு வேலைக்கு...” என்றாள் மலர்விழி.

“மொதல்ல இன்னைக்கத் தாண்டணும் ஆன்டி.”

கன்னையா அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினான்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றினார்கள். கட்டிலின் கீழே ஒரு சட்டியை வைத்தாள் நர்ஸ் மரியம் மிஸ்ஸி.

“ஒன்னுக்கு வந்தா இதுல போங்க ஆன்டி. அளந்து பாக்கணும். வாயிலயும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். மொத்தமா ஊத்திக்கிட்டா வாந்தி வரும்.”

“வராது மிஸ்ஸி.”

“வாந்தியா?”

“அது வரும். இதுதான் வராது.”

“வரணும். வந்தாத்தான் வீடு.”

கன்னையா கிளாஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் நாக்கில் பட்டதும் தொண்டை தானாக அடைத்துக்கொண்டது. அவள் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“முழுங்கு.”

கண்ணால் ஆகட்டும் என்றாள்.

“முழுங்கு மலரு. இங்க எந்தக் காரும் வராது.”

முழுங்கினாள். ஏதோ வேலை செய்தவள்போல மூச்சு வாங்கியது. மறுபடியும் கிளாஸை நீட்டினான். பார்வையாளர் நேரம் முடிந்து அவனை வெளியே அனுப்பும்வரை நீட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறை வரும்போதும் மரியம் சட்டியைப் பார்த்தாள். காலியாகவே இருந்தது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அடிவயிறு கனத்தது. பழக்கத்தில் காலை இறுக்கிக்கொண்டு மாற்று ஆளுக்குக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாரும் வரவேண்டியதில்லை என்பது உறைத்தது.

“மிஸ்ஸி... வருது” என்றாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள்போல.

மரியம் திரையை இழுத்துவிட்டாள். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சொட்டியது, பிறகு ஒழுகியது. கறுத்த தேநீர் நிறம். மரியம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“கொஞ்சந்தான். ஆனா வந்துருச்சு. இனிமே அடக்குனீங்க, அடி விழும்.”

மலர்விழிக்கு அழுகை வந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் இன்னும் போனாள். நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. தாண்டியாச்சு என்று டாக்டர்கள் சொல்ல இன்னும் சில நாள் பிடித்தது.

எம்சி முடிந்து வேலைக்குப் போனபோது முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. கன்னையா கொடுத்தனுப்பிய பெரிய போத்தலை மேசைமேல் வைத்து, கார்களுக்கு நடுவே முழுங்கி முழுங்கிக் குடித்தாள். மத்தியானத்துக்கு முன்பே வயிறு முட்டியது. வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“கேட்டுக்கு ஆள் அனுப்பு.”

“இருங்கக்கா, இப்ப ஆள் இல்ல” என்றது முகுந்தனின் குரல்.

கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு வெளியே வந்தாள். பின்னால் ஹாரன் அடித்தது. அவள் ஓடவில்லை. ஓட உடம்பில் தெம்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கடைசி மூலை எப்போதும்போலத் தொலைவில்தான் இருந்தது.