மாதிரி வீடு

இடது ஷூவுக்கு நீல நிற பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு வலது காலைத் தூக்கியபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஐலீனுக்கு உறைத்தது. உள்ளே அண்ணன் செத்துக் கிடக்கிறான். அவளோ கம்பளம் அழுக்காகிவிடக் கூடாதே என்று உறை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அதெல்லாம் வேண்டாம் மேடம், அப்படியே வாங்க," என்றாள் வாசலில் நின்ற பெண். வீடு விற்கும் கம்பெனியின் பெயர் அவள் சட்டைப் பையில் தைத்திருந்தது. கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. "நான் கெய்லி. நான்தான் போன் பண்ணினேன்."

ஒரு காலில் உறையோடு ஐலீன் உள்ளே போனாள்.

சமையல் மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே நார்மன் மல்லாந்து கிடந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் அரைமணி நேரம் போராடிவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். முகத்தின் மேல் சாம்பல் நிறப் போர்வை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஷூக்களிலும் நீல உறை, ஒழுங்காக, கணுக்கால்வரை இழுத்துவிடப்பட்டு. மேசையில் நான்கு பேருக்குத் தட்டு வைத்திருந்தது. கூடையில் இருந்த ரொட்டி பிளாஸ்டிக்.

"இவன் இங்க எதுக்கு வந்தான்?" என்றுதான் அவள் வாயில் முதலில் வந்தது.

பெக்ஃபர்ட் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். பழைய பள்ளிக்கூடத்தையும் பின்னால் இருந்த ஆப்பிள் தோட்டத்தையும் சேர்த்து நூற்றுப் பத்து வீடு கட்டப்போகிறார்கள் என்றதும், மழையில் குடை பிடித்து வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியவன் நார்மன். தோட்டம் ஐலீனுடையது. புருஷன் போன பிறகு அவளால் அதைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. விற்றுவிட்டாள். அன்றைக்கு ஊர்க்கடையில் பத்துப் பேர் எதிரில், "எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கிடையாது," என்றான். மூன்று வருடம் அவளைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போனான். இந்த வீடுகள் இருக்கும் திசைக்கே திரும்ப மாட்டேன் என்று சொல்லித் திரிந்தவன்.

"எட்டு சனிக்கிழமையா வர்றாரு மேடம்," என்றாள் கெய்லி.

"வீடு வாங்கவா?"

"அப்படித்தான் சொன்னாரு. வாங்க மாட்டாருன்னு எனக்கு ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. ஆனா மனுஷன் நல்லாப் பேசுவாரு, டீ போட்டுக் குடுப்பேன். இந்த ஃப்ரிட்ஜ் இருக்கிற எடத்துலதான் குளிர் காயற கரி அடுப்பு இருந்துச்சாமே? அந்த ஜன்னல் பக்கம் உங்க பெஞ்சாமே?"

ஐலீன் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சுவர், தாழ்ந்த கூரை, வரிசையாகச் சின்ன விளக்குகள். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய சமையலறை. ஜன்னலின் மேல்வளைவில் மட்டும் பழைய கல் தெரிந்தது. அதைக் கண்டதும் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எல்லா வயதுப் பிள்ளைகளோடும் சேர்ந்து அவள் ஐந்து வயதில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட அறை இது. இத்தனை நேரம் அதற்குள் நின்றுகொண்டும் அதை அவள் அறியவில்லை.

"என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கும். எதையும் பாக்காம மளமளன்னு எழுதினாரு." கெய்லி மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பால் கதையில வர்ற தங்கச்சி நீங்கதானே?"

பால் கதை ஊருக்கே தெரியும். ஒரு குளிர்காலக் காலையில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்த உறைந்த பால் இளகட்டும் என்று அடுப்போரம் வைத்திருந்த புட்டிகளை நார்மன் கூடையோடு கவிழ்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை எல்லோரும் "பால்காரா" என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் ஓட்டப் போன பிறகும் விடவில்லை.

"பாவம், நீங்க ரொம்பச் சின்னப் பொண்ணாம். டீச்சர்கிட்ட கேக்க பயந்துக்கிட்டு பெஞ்சுலயே ஒண்ணுக்குப் போயிட்டீங்களாம். தரையெல்லாம் ஓடி வர்றதை இவரு பாத்திருக்காரு. யாரும் பாக்கறதுக்குள்ள ஓடிப் போயி பால் கூடையை ஒரே ஒதை..." கெய்லி ஐலீனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஐயோ. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஐலீன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கம்பளிக் காலுறை தொடையோடு ஒட்டிக்கொண்டது அவளுக்கு நினைவிருந்தது. தரையில் வெள்ளை வெள்ளமாக வந்து எல்லாவற்றையும் மூடியது நினைவிருந்தது. அன்று இரவு கட்டில் ஓரம் மண்டியிட்டு, பாலைக் கொட்டவைத்த கடவுளுக்கு நன்றி சொன்னாள். வகுப்பே அண்ணனைப் பார்த்துச் சிரித்தபோது, தன் பக்கம் யாரும் திரும்பிவிடக் கூடாதென்று எல்லோரையும்விடச் சத்தமாக அவள்தான் சிரித்தாள். டீச்சர் மிஸ் பார்கெட்டர் அவன் இரண்டு உள்ளங்கையிலும் பிரம்பால் ஆறு ஆறு அடி கொடுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அம்மா கேட்டதற்கு, "கால் தடுக்கிடுச்சும்மா," என்றான்.

அறுபத்தாறு வருடம். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடையில் அத்தனை கோபத்தில் கத்தியபோதுகூட.

பெண் போலீஸ் ஒருத்தி குறிப்புப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் குந்தினாள். "சிரமப்படுத்தறேன், மன்னிச்சிடுங்க. சில விவரம் மட்டும். அண்ணனுக்கு நெஞ்சுவலி ஏதாவது முன்னாடி இருந்துச்சா?"

"தெரியல."

"மருந்து எதாவது சாப்பிட்டாரா?"

"தெரியல."

"கடைசியா அவரோட எப்போ பேசினீங்க?"

ஐலீன் போர்வையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் அவன் வலது கை வெளியே தெரிந்தது. விரல்கள் பாதி மூடியிருந்தன.

"ஒரே ஊர்தான் நாங்க," என்றாள்.

அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டாள்.

தூக்கிப் போக இரண்டு பேர் கறுப்பு உடையில் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் போதவில்லை. மேசையை நகர்த்தினார்கள், தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நின்னுக்கறீங்களாம்மா?" என்றார் மூத்தவர்.

அவள் எழுந்து தள்ளி நின்றாள். பின்சுவரை உடைத்துப் புதிதாகப் போட்ட கண்ணாடிக் கதவு முழங்கையில் சில்லென்று பட்டது. முதுகுக்குப் பின்னால், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மெதுவாக எண்ணினார்கள். அவள் திரும்பவில்லை.

வெளியே நல்ல வெயில். ஆப்பிள் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்திருந்த வீட்டு வாசலில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் அவளைப் பார்த்ததும், புதிதாகக் குடிவந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும், நுரை சொட்டும் கையைத் தூக்கிச் சிரித்தபடி ஆட்டினான்.

ஐலீனும் கையைத் தூக்கி ஆட்டினாள்.