தப்பைச் சொன்ன மேஸ்திரி

எங்கள் வீட்டைக் கட்டிக்கொடுத்தவரை நாங்கள் தேர்ந்தெடுக்கக் காரணம், அவர் வேறொரு வீட்டில் செய்த தப்பு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஆறு வயதில் ஒரு மகள். மூன்று பேரும் ஒரே அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலில் இருப்பவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அப்படியே வருஷங்களை ஓட்டி, ஒருவழியாக ஊருக்கு ஓரத்தில் ஒரு சின்ன மனை வாங்கினோம். கடன் தர வங்கியும் சம்மதித்துவிட்டது. நல்ல ஆளாகப் பிடித்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. பஸ்ஸில் வரும் வாண்டுகள் கேட்டால்கூடத் தெருமுனையில் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், தம்பிக்கு வைத்திருக்கும் பெயரே 'ஆமாம்சாமி'.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். கையில் ஒரு டேப்லெட். அதில் எங்கள் வீடு, இன்னும் கட்டாத வீடு, மெல்லச் சுழன்றது. வாசலில் புல்வெளி. புல்வெளியில் நாங்கள் வளர்க்காத நாய் ஒன்று.

"இதுதான் மேடம் உங்க ஹால்" என்றார்.

"பிரமாதம் சார், பண்ணிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நான் அவர் காலை மிதித்தேன்.

அடுத்த நாள் நாத்தனார் வந்தார். "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். என் வீட்டுக்காரரோட சிநேகிதன். கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்டா தம்பி."

"சரிக்கா."

ஆக, ஒரே வாரத்தில் ஒரே வீட்டை இரண்டு பேர் கட்டுவதாக ஏற்பாடாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நான் உட்கார்ந்து யோசித்தேன். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் கை, படத்தில் விரிசலோடு தெரிவதைத் தினமும் பார்க்கிறவள் நான். சுவருக்கும் எக்ஸ்ரே எடுக்க முடிந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அதற்கு வழியில்லை. ஆனால் மழை இருக்கிறதே! ஐந்து மழைக்காலம் நின்ற வீடு எதையும் மறைக்காது. எனவே, கட்ட வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்பது என்று முடிவு செய்தேன்: "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கட்டின வீட்டோட அட்ரஸ் குடுங்க. நாங்களே போய்ப் பார்த்துக்கறோம்."

டை கட்டியவர் சிரித்தார். "பழசு எதுக்கு மேடம்? போன மாசம் முடிச்சது இருக்கு, கண்ணாடி மாதிரி" என்றார். நாத்தனாரின் ஆள் ஒரே ஒரு முகவரி தந்தார். போய்க் கதவைத் தட்டினால், திறந்தவர் அச்சு அசல் அவர் ஜாடையிலேயே இருந்தார். கூடப் பிறந்த தம்பி.

மூன்றாவது ஆளைப் பற்றி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொள்ள வந்த தச்சர் ஒருவர் சொன்னார். "வேலை சுத்தம். ஆனா எதைக் கேட்டாலும் 'இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்'னுதான் சொல்லுவாரு. நாங்க அவருக்கு அப்படியே பேரு வச்சுட்டோம்."

பாத்துச்சொல்றேன் மேஸ்திரி சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் பென்சில். மனையைச் சுற்றி நடந்தார், குனிந்து மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்தார், பக்கத்து மனையில் முளைத்திருந்த செடிகளைப் பார்த்தார்.

"எத்தனை மாசத்துல முடிப்பீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இருங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முகவரி கேட்டேன். ஒரு தாளில் ஏழு முகவரி எழுதினார். ஏழாவதை எழுதும்போது பென்சில் நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

"இங்கயும் போய்க் கேளுங்க மேடம். அங்க நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"அவங்களே சொல்லுவாங்க. நான் சொன்னா எனக்குச் சாதகமாச் சொல்லிடுவேன்."

மற்ற ஆறு வீடுகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். எல்லாரும் நல்லவிதமாகவே சொன்னார்கள். ஏழாவது வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். முன்னறையில் இரண்டு தையல் மிஷின்கள், தரை முழுக்கத் துணித் துண்டுகள். வந்த விஷயத்தைச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்தார்.

"ஆளு ரொம்ப மெதுவு. மொதல்ல அதைச் சொல்லிடறேன். பத்து மாசம்னு சொன்னா பன்னெண்டு மாசம். என் பொறுமைய சோதிச்சுட்டாரு."

"தப்பு பண்ணிட்டேன்னு அவரே சொன்னாரு" என்றேன்.

"அதையும் சொல்லிட்டாரா?" எழுந்து குளியலறைக்கு அழைத்துப் போனார். "இங்கதான். தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம வாசல் பக்கம் வந்துச்சு. தரையோட வாட்டம், அதான் சரிவு, மாறிப் போச்சு. நானும் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு எதேச்சையா அவரைக் கடையில பாத்தப்போ வாய்விட்டுச் சொல்லிட்டேன். மறுநாள் காலையில ஆள் வாசல்ல நிக்கறாரு. ஒரு வாளித் தண்ணிய ஊத்திட்டு, அது எங்க போகுதுன்னு குந்தி உக்காந்து பாத்தாரு. 'என் தப்புதாம்மா'ன்னாரு. அவ்வளவுதான். தரை மொத்தமும் பேத்து எடுத்து நாலே நாள்ல திரும்பப் போட்டாரு. அந்த நாலு நாளும் நாங்க பக்கத்து வீட்டுல குளிச்சோம்."

பிறகு அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. முன்பின் தெரியாத எங்களுக்காக, துணி அடுக்கிய பெரிய பீரோவைத் தன் தோளைக் கொடுத்து நகர்த்தினார். "மறைஞ்சிருக்கற இடத்தைத்தான் பாக்கணும், பாருங்க" என்றார். பீரோவுக்குப் பின்னால் சுவர் உலர்ந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அரைநாள் தையல் வேலை அன்று அவருக்குக் கெட்டது எங்களால்தான். வாசல்வரை வந்து, "நல்லபடியாக் கட்டுங்க" என்று வழியனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது என் வீட்டுக்காரர் அந்த முகவரித் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "இவர்தான்" என்றார்.

"அப்ப உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்."

அவர் முகம் வெளிறிவிட்டது. போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் கூப்பிட்டு, "அக்கா, உங்க ஆளு வேண்டாம்கா. நாங்க வேற ஆளைப் பாத்துட்டோம்" என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் வெடித்த வெடி எனக்கே கேட்டது. அவர் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. வேர்த்துப்போய் நின்ற அந்த மனிதரை அன்று எனக்குப் புதிதாகப் பிடித்தது. நாத்தனார் அதன் பிறகு மாதக்கணக்கில் எங்களோடு பேசவில்லை.

வேலை தொடங்கியது. அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்த நான்காம் நாள், நான் ஒரு நோயாளியின் முழங்காலைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி போன் செய்தார். "வேலைய நிறுத்திட்டேன் மேடம். ரெண்டு பேரும் வாங்க."

போய்ப் பார்த்தோம். முன்பக்கத்து மூலையில் மட்டும் மண் கறுப்பாக இருந்தது. கிழிந்த பிளாஸ்டிக் பைகள், பாட்டில் சில்லுகள், ஒரு பாதி டயர். எப்போதோ குப்பைக்குழியாக இருந்ததை மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். எங்களுக்கு விற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மேஸ்திரி ஒரு நீளக் கம்பியை எடுத்து அங்கே ஊன்றி, கையாலேயே அழுத்தினார். இடுப்பளவு உள்ளே போய்விட்டது.

"இது மேல கான்கிரீட் போட்டு மூடிட்டா இப்ப யாருக்கும் தெரியாது" என்றார். "நாலஞ்சு வருஷத்துல அந்த மூலை மட்டும் இறங்கும். அப்ப வீடு ரெண்டாப் பிளக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணு, கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் எல்லாத்தையும் அள்ளணும். அதுக்கு ஆகற செலவை நீங்க தாங்க மாட்டீங்க. இல்லேன்னா வீட்டைப் பின்னால தள்ளணும். அப்படித் தள்ளினா ஒரு ரூம் போயிடும்."

போகும் அறை எதுவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மகளுடைய அறை. நான் அங்கேயே, செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். என் வீட்டுக்காரர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி ஒரு சிமென்ட் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். குச்சியால் மண்ணில் எதையோ கீறினார், அழித்தார், மறுபடி கீறினார்.

"இருங்க" என்றார். "பாத்துட்டுச் சொல்றேன்."

முதல்முறையாக அந்தச் சொல் எனக்குச் சிரிப்பாக இல்லை.

இரண்டு நாள் கழித்து வாடகை வீட்டுக்கே வந்தார். சமையலறையைத் திருப்பி, நடைவழியை எடுத்துவிட்டு, மாடிப்படியை வெளியே தள்ளி ஒரு படம் போட்டிருந்தார். அதில் ஒரு குட்டி அறை மிஞ்சியிருந்தது. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் நிறைந்துவிடும். குப்பைக்குழி இருந்த இடம் வெறும் முற்றமாகிவிட்டது. என் மகளைப் பார்த்து, "பாப்பா, உன் ரூம்ல என்ன வேணும்?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "கதவு" என்றாள். "நானே சாத்திக்கற கதவு."

"அது கண்டிப்பா உண்டு" என்று படத்தில் கதவைப் பென்சிலால் இன்னும் கொஞ்சம் அழுத்தி வரைந்தார்.

தையல்காரம்மா சொன்னபடியே பத்து மாதம் பன்னிரண்டானது. அதற்குள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். கடைசி இரண்டு மாதத்துக்கு எங்கே போவது? சாமான்களை மூட்டை கட்டிவிட்டு விழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நாத்தனார் இறங்கினார்.

"என்ன பாக்கறே? மூட்டைய ஏத்து. என் தம்பி தெருவுல நிக்கறதை நான் பாத்துட்டு இருக்கணுமா?" என்றார் என்னிடம்.

"அண்ணி, நீங்க கோவமா இருக்கீங்கன்னு..."

"கோவமாத்தான் இருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இரண்டு மாதம் அவர் வீட்டில் இருந்தோம். தன் கட்டிலை என் மகளுக்குக் கொடுத்துவிட்டு அவர் தரையில் படுத்தார். அதோடு விடவில்லை. தினமும் எங்கள் மனைக்குப் போய், "பூச்சுக்குத் தண்ணி ஊத்தினீங்களா? அந்த ஜன்னல் கோணலா இருக்கே!" என்று மேஸ்திரியின் உயிரை எடுத்தார். மேஸ்திரி பொறுமையாக ரசமட்டத்தை ஜன்னலில் வைத்துக் காட்டுவார். ஜன்னல் நேராகத்தான் இருக்கும். "சரி, என் கண்ணுதான் கோணல்" என்று நாத்தனார் அடுத்த ஜன்னலுக்குப் போவார். இருந்தாலும் இன்றுவரை, "நம்ம ஆளு கட்டியிருந்தா பத்து மாசத்துல முடிச்சிருப்பான்" என்பதை அவர் விடவில்லை. நானும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த வீட்டில் சாப்பிட்ட சாப்பாடு அப்படி.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்த எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். கொத்தனார், தச்சர், பெயிண்டர், செங்கல்லும் மண்ணும் சுமந்த சித்தாள் பெண்கள் மூன்று பேர். மேஸ்திரி சவரம் செய்து, துவைத்த சட்டையில் வந்திருந்ததால் என் மகளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. நன்றி சொல்லவென்று நான் ஏதேதோ மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "நீங்க கட்டிக் குடுத்த வீடு..." என்று ஆரம்பித்ததுமே மீதியெல்லாம் மறந்துபோய்விட்டது.

அவர் நெளிந்தார். "எல்லாரும் நான் கட்டினேன்னு சொல்றாங்க மேடம். நான் ஒரு செங்கல்கூடத் தூக்கலையே" என்று சொல்லி, சித்தாள் பெண்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

அவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு, கிளம்பலாமா என்று சுவரோரமாக நின்றிருந்தார்கள். மூவரில் மூத்தவள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்: "உள்ள ஒரு தடவை சுத்திப் பாத்துக்கட்டுமா? எத்தனையோ வீட்டுக்குக் கல்லு தூக்கியாச்சு. முடிஞ்சப்புறம் உள்ள போனதில்லை."

அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சமையலறையில் விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். ஹாலுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்காரப்போனவளை நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றாள்.

"ஆமாம்" என்றேன். "நீங்க எல்லாரும் நல்லாக் கட்டியிருக்கீங்க."

அவள் தலையாட்டிவிட்டு, மற்ற இருவரையும் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் இன்னும் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டேன்.