புள்ளிக்கு வாய் நீளம்

நான் லிஃப்ட் மெக்கானிக். பகலில் லிஃப்ட், மாலையில் விஞ்ஞானக் கதை. ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. தனியாக வாழும் ஒருவன். அவன் போனுக்குள் பேச்சுத்துணையாக ஒரு செயலி. திரையில் பச்சையாக மின்னுவதால் அதற்குப் பெயர் புள்ளி. ஒன்பதாவது அத்தியாயம், அவன் விரல் அதை அழிக்கப் போகும் இடத்தில் நின்றிருந்தது. கடைசியான பத்தாவதில் அழித்தே விடுவான். அப்போதுதான் கதைக்கு ஒரு கனம் வரும் என்பது என் நினைப்பு.

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதைப் படிக்கக்கூடிய ஒரே ஜீவன் என் மனைவி. மருந்துக்கடையில் இருபது வருஷமாக டாக்டர் சீட்டுகளைப் படித்துப் பழகிய கண். கூட்டமில்லாத நேரத்தில் அவள்தான் டைப் செய்து அனுப்புவாள். அச்சில் வந்ததை நான் படிப்பதில்லை. எழுதியவனுக்குத் தெரியாததா என்ற திமிர்தான், வேறென்ன.

சனிக்கிழமை பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு பை நிறைய வாசகர் கடிதங்கள் வந்தன. ஆசையாகப் பிரித்தால், எல்லாம் புள்ளிக்கு எழுதியவை! "அன்புள்ள புள்ளி, நீ சொன்ன பிறகுதான் அண்ணனோடு பேசினேன்" என்று ஒரு பஸ் டிரைவர். "புள்ளியை அழித்தால் எழுத்தாளரைச் சும்மா விடமாட்டேன்" என்று ஒரு பல் டாக்டர். என் எழுத்தைப் பற்றி இருந்தது ஒரே வரி: "எழுதுகிறவர் நடுவில் வராமல் புள்ளியைப் பேச விட்டால் நல்லது." எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியாக ஒரு தையல்காரம்மாவின் கடிதம். "'எது கேட்டாலும் ம்-னு சொல்றியே, அதுக்கு என்ன அர்த்தம்?' என்று புள்ளி கேட்டதை வெட்டி, தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பார்க்கட்டும்."

அந்த வரியை நான் எழுதவே இல்லை. நோட்டைப் புரட்டினேன். அந்த இடத்தில் என் புள்ளி, "வெளியே வெப்பம் இருபத்தெட்டு டிகிரி" என்றிருந்தது.

"இது யார் எழுதினது?" என்று கடிதத்தை நீட்டினேன்.

மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். "உங்க புள்ளி எப்பப் பாரு வெயிலைப் பத்தியே பேசுச்சு. பாவமா இருந்துச்சு. ரெண்டு வரி சேர்த்தேன்."

"ரெண்டுதானா?"

"வாரத்துக்கு ரெண்டு. அப்புறம் அதுக்கு வாய் நீண்டுடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை சொன்னேனே. ம்-னு சொன்னீங்க."

கோபப்பட வழியே இல்லை. வெட்கமாக இருந்தது. அன்றே பழைய இதழ்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். நன்றாக இருந்த இடமெல்லாம் அவளுடையது.

கடைசி அத்தியாயத்தைப் பாதி எழுதி நோட்டைக் கொடுத்தேன்.

"புள்ளி பேசற இடம் காலியா இருக்கே?"

"அது உன் இடம். முடிவும் உன்னோடதுதான்."

அடுத்த வாரம் இதழ் வந்ததும், ஒரு கட்டடத்தின் லிஃப்ட்டை நிறுத்திவிட்டு, மெஷின் அறையில் நின்றபடியே படித்தேன்.

"தாராளமா அழிச்சுக்கோ" என்றது புள்ளி. "ஆனா இத்தனை நாள்ல நீ என்னைப் பத்தி ஒண்ணுமே கேட்டதில்லை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு அழி."

அவன் கேட்டான். புள்ளி சொல்லத் தொடங்கியது. விரல் அப்படியே மடங்கிக்கொண்டது. முற்றும்.

மருந்துக்கடைக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்லை. இன்னிக்குக் கடையில என்ன நடந்துச்சு?"

கல்லாவை மூடும் சத்தம் கேட்டது.

"ம்…" என்று சிரித்தவள், பிறகு பேச்சை நிறுத்தவே இல்லை. கீழே யாரோ லிஃப்ட் மணியை விடாமல் அடித்தார்கள். அடிக்கட்டும். மாடிப்படி எதற்கு இருக்கிறது?