பல் மருத்துவரின் மாங்குயில்

பல் மருத்துவருக்குத் தன் காதின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. சிகிச்சை அறையின் பின்ஜன்னலையொட்டிய மரத்தில் மாங்குயில் கூவியதும் கைபேசியில் பதிவு செய்தாள். குரலை வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் செயலியும் மாங்குயில் என்றே சொன்னது. அந்த ஊரில் இதுவரை யாரும் பதியாத பறவை. ஊர்ப் பறவைப் பதிவேட்டுக்கு அனுப்பிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அனுப்பினால் போதுமா? ஊர்ப் பதிவுகளைச் சரிபார்ப்பவள் அவளுடைய நாத்தனார். காற்றில் பறந்த துணிப்பையைப் பருந்து என்று இவள் ஒருமுறை பதிந்துவிட்டதை எந்த விருந்திலும் சொல்லாமல் விடமாட்டாள். இந்த மாங்குயிலுக்காவது அவளைத் தலையாட்ட வைத்துவிட வேண்டும் என்று பல் மருத்துவருக்கு ஒரே வெறி.

சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"உன் கிளினிக்குக்குக் கீழ இருக்கற ஜெராக்ஸ் கடைக்காரர், போன்ல மாங்குயில் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடறாராம். அவரே நம்ம பறவைக் குழுவுல சொல்றார். நீ பிடிச்சது அவர் போனை! துணிப்பைக்கு ஒரு துணை கிடைச்சாச்சு."

பல் மருத்துவருக்கு முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம்தான். பதிவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். கடைக்காரரின் போன் அச்சடித்த மாதிரி ஒரே இழுப்பைத் திரும்பத் திரும்ப இழுத்தது. அது ஓய்ந்த இடங்களில் இன்னொரு குரல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி, சண்டைக்கு வருவதுபோல் பதில் சொன்னது.

"அண்ணி, கூப்பிட்டது போன்தான். பதில் சொன்னது யாரு?"

"யாருக்குத் தெரியும்? கண்ணால பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப நேர்லயே வாங்க. அந்தக் கடைவாய்ப் பல்லை இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடுவீங்க?"

மறுநாள் காலையில் நாத்தனார் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். கடைக்காரரிடம் போனை அணைத்துவைக்கச் சொல்லியாயிற்று. பல் மருத்துவர் கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துவிட்டுப் பல்லைக் குடைய ஆரம்பித்தாள்.

ஜன்னலில் பளிச்சென்று மஞ்சள். மாங்குயில் கிளையில் வந்து உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமலே தொண்டையைத் திறந்தது.

"ஆ... ஆ!" நாத்தனாரின் விரல் ஜன்னலை நோக்கித் துடித்தது.

"பேசாதீங்க அண்ணி," என்றாள் பல் மருத்துவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "வாயை நல்லாத் திறங்க. விரல் சும்மாத்தானே இருக்கு?"

நாத்தனார் மடியிலிருந்த போனை எடுத்தாள். பதிவைத் தேடினாள். முறைத்துக்கொண்டே அழுத்தினாள். பல் மருத்துவரின் போனில் மாங்குயிலுக்குப் பக்கத்தில், ஏற்றுக்கொண்டதற்கான பச்சைக் குறி விழுந்தது.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் பஞ்சை எடுக்க மட்டும் அவசரப்படவில்லை.