குழியில் இடித்த தலை

அப்பாவின் இடது கால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவரோ ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை போய்விட்டிருந்தார். மகள் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். காலைக் குனிந்து பார்த்தவர், "அட, இது எப்ப கழண்டுச்சு?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே விடிந்தால் தலைவலி, சட்டைப் பொத்தானில் தடுமாற்றம். இப்போது இது.

"தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டியாப்பா?"

"இல்லம்மா. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அம்மாவிடம் சொன்னதற்கு, வயசானால் அப்படித்தான், படிக்கிறேன் பேர்வழி என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நோய் கண்டுபிடிக்காதே என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். அதுவும் மருத்துவக் கல்லூரி. பீற்றிக்கொள்ள அந்தப் படிப்பு வேண்டும், பேச்சு மட்டும் காதில் ஏறாது.

அன்று உடற்கூறு வகுப்பில் ஒரு முதியவரின் சடலத்தில் மண்டையோட்டைத் திறந்தார்கள். அவள் தலையை ஏந்திக்கொள்ள, மற்றவர்கள் மூளையை மெல்லத் தாழ்த்தினார்கள். உச்சியில் ஏதோ அறுந்தது, ஈர நூல் அறுவதைப் போல. "சிரைங்கதான், விடு. பரீட்சையில வராது. தமனியைத் தேடு" என்றான் கூடப் படிக்கிறவன். எல்லாருமே தமனியைத்தான் தேடுவார்கள். வருகிற ரத்தத்துக்கு இருக்கிற மரியாதை திரும்பிப் போகிற ரத்தத்துக்கு ஏது?

அவள் மட்டும் அறுந்த முனைகளை இடுக்கியால் தூக்கிப் பார்த்தாள். மூளையின் மேடுபள்ளங்களில் ஊர்ந்து ஏறி, உச்சிக்கு நேர் கீழே நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் பெரிய வாய்க்காலில் போய்க் கலக்கிற சிரைகள். கலக்கும் முன் ஒரு சின்ன இடைவெளியை அந்தரத்தில் தாண்டுகின்றன. இந்தக் கிழவரின் மூளை சுருங்கிப்போயிருந்ததால் அந்த இடைவெளியில் அவள் விரலே நுழைந்தது. மூளை சுருங்கச் சுருங்கச் சிரைகள் துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு இடி போதும். சிரை ரத்தம் பீறிடாது, கசியும். நாள்கணக்கில் கசிந்து, ஆள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூளையை ஓரங்கட்டி நசுக்கும்.

ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பா வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனைக்கு ஓடினாள்.

அங்கே மெக்கானிக்குகள் குழிக்குள் நின்று, தலைக்கு மேலே நிற்கும் பேருந்தின் வயிற்றைப் பழுது பார்ப்பார்கள். நிமிரும்போது தலையை இடித்துக்கொண்டவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். டீயோடு போகாது, நாள் பூரா கேலி. அப்பா டீ வாங்க அஞ்சுகிறவர் இல்லை. ஆனால் இடிக்காத தலை என்று அத்தனை பேர் முன்னாலும் மார்தட்டிக்கொள்கிறவர்.

கிரீஸ் என்று எல்லாரும் கூப்பிடும் அவருடைய கூட்டாளி, "வாங்க டாக்டரம்மா" என்று கேலியை ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மாமா, அப்பா தலைய இடிச்சுக்கிட்டாரா? மறைச்சீங்கன்னா அவர் செத்துருவாரு."

கிரீஸ் கைத்துணியைக் கசக்கினார். "போன மாசம்மா. மேல நின்ன பஸ்ஸோட சேசிஸ் இரும்புல நங்குன்னு ஒரு இடி. வெளிய சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்."

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா இடது கையை உயர்த்தி எதையோ திருகிக்கொண்டிருந்தார். ஸ்பானர் அவர் காலடியில் கிடந்தது. அது நழுவியது தெரியாமல் வெறுங்கையைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் குழிக்குள் இறங்கினாள்.

இருவருமாக அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் தலையை இரண்டு கையாலும் தாங்கினாள். வகுப்பில் ஏந்திய அந்த இன்னொரு தலையின் கனம் கையை விட்டு இன்னும் போகவில்லை. அப்பா ஏதோ சொன்னார். பாதிச் சொல் வாயிலேயே கரைந்துவிட்டது.

ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை போல ரத்தம் தேங்கியிருந்தது. துளை போட்டு வடித்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும், "இந்தக் கையால என் விரலப் பிடிப்பா" என்று இடது கையைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அப்புறம், வேண்டா வெறுப்பாகச் செய்வது போல, விரல்கள் மடங்கின.

"கிரீஸ் பய சொல்லிட்டானா?" என்றார் குழறலாக. "அப்ப டீ என் கணக்கா?"

"ஆமா. இனிமே குழியில எறங்குன, கால ஒடிச்சிருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினார். அவள் கை பாய்ந்து போய்த் தாங்கியது. "ஆட்டாதப்பா."

அறுந்த சிரை ஒன்றுதான். அந்தத் தலைக்கட்டுக்கு அடியில் மற்றவையெல்லாம் இன்னும் விறைப்பாகவே இருந்தன.