கடைவாசலில் நின்ற கரகம்

இலங்கை மலைநாட்டின் நமுனுகுல மலைமுடியில் படிந்திருந்த வெண்முகில் மாலைக் காற்றுக்கு வழிவிட்டு விலக, மழையில் குளித்தெழுந்த தேயிலைச் சரிவுகள் கதிரவனின் கடைசிப் பொன்னொளியை வாங்கி மின்ன, தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களின் அடுப்புப் புகையும் அம்மனுக்கு இட்ட நறும்புகையும் ஒன்றாய்க் கலந்து பள்ளத்தாக்கை நிறைக்க, மாரியம்மன் கரக ஊர்வலம் தோட்டத்தைக் கடந்து கடைத்தெருவை நோக்கி இறங்கியது. தமிழர்மேல் மூண்டு நாட்டை எரித்த கலவரம் ஓய்ந்து அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

கரகம் ஏந்தி முன்னே நடந்தவள் கொழுந்து பறிக்கும் வள்ளியம்மை. கலவர நாளில் லயத்துக்குத் தீயிட்டோர் துரத்த, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளிலிட்டு ஓடிவந்த அவளை, அரிசிக்கடை ஜுனைதீனும் அவர் மனைவி ஸித்தி ஸுபைதாவும் உள்ளே இழுத்து, மூட்டைகளின் பின்னே ஒளித்து, தம் கஞ்சியை ஊட்டிக் காத்தனர். மகள் பிழைத்தால் மூன்றாண்டு கரகம் எடுப்பேன் என்று அந்த மூட்டைகளின் இருளில்தான் அவள் அம்மனை வேண்டினாள். மகள் பிழைத்தாள். இது இரண்டாம் ஆண்டு.

கரகம் வரும் வழியில் வீடுதோறும் குடநீர் வார்த்து, ஏந்தி வருபவளின் பாதம் நனைப்பது அத்தோட்டத்து வழமை. ஜுனைதீன் வீட்டாரும் நெடுங்காலமாய் வார்த்து வந்தனர். அம்மன் அவ்வாசலைக் காப்பாள் என்றனர் லயத்தார்; நடந்து களைத்தவர்க்கு நீர் தருவது தம் கடமை என்றனர் அவ்வீட்டார். யார் எப்படி எண்ணினால் என்ன, கால் குளிர்ந்தது.

அறிவுடையீர், அவ்வாண்டு இதற்கும் கேடு வந்தது. பதுளை வணிகர் தர்மலிங்கம் விழாத் தலைமையேற்று, கொடிகளோடும் முழக்கங்களோடும் எழுந்தருளி, "பிற சமயத்தார் வாசலில் கரகம் நிற்கலாகாது" என ஆணையிட்டார். கலவர நாளில் இப்பெருமகனார் மேல்மாடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்ததை ஊர் அறியும். வாய்திறந்து சொல்லத்தான் ஆளில்லை.

செய்தி எட்டியதும், வீண்வம்பு வேண்டாமென்று ஜுனைதீன் வீட்டார் கதவைச் சாத்திவிட்டனர். சாத்திய கதவின் எதிரே வந்து வள்ளியம்மை நின்றாள். தப்படித்த வீரய்யா திரும்பிப் பார்த்து அடியை நிறுத்தினான். கரகத்தை வழியில் இறக்கலாகாது, ஏந்தியவளைப் பிறர் தொடலாகாது. ஆகவே ஊரே நின்றது.

"நடம்மா! இது இந்துக்களின் ஊர்வலம். நம் ஒற்றுமையை உலகம் காணவேண்டும்" என்று சீறினார் தர்மலிங்கம்.

"எங்கள வெட்ட வந்தவங்க நீ எந்தச் சாமியக் கும்பிடுறேன்னு கேக்கலீங்க மொதலாளி. பேசுற பேச்சத்தான் பாத்தாங்க. அன்னிக்குத் தொறந்தது இந்தக் கதவு ஒண்ணுதான்" என்றாள் வள்ளியம்மை.

"அடுத்த ஆண்டு உன் தலையில் கரகம் ஏறாது!"

வேண்டுதல் குறைபட்டால் மகளுக்கு என்னாகுமோ என்று வள்ளியம்மை அஞ்சினாள். ஆயினும் கால் அசையவில்லை.

"ஏறாட்டிப் போகுதுங்க. ஏன் கொறஞ்சுச்சுன்னு ஆத்தாளுக்குத் தெரியும். இந்த வாசல்ல காலு நனையாம நான் நகர மாட்டேன்." பின் கதவை நோக்கிக் குரலுயர்த்தினாள். "அக்கா, தொறங்க! நாங்க வந்து நிக்கிறோம்."

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து அவளைச் சூழ்ந்து நின்றனர். கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குடத்தோடு வந்த ஸுபைதா, "ஏன் புள்ள ஒனக்கு இந்த வம்பு?" என்று கடிந்தவாறே, கண்கலங்க நீர் வார்த்தாள். வீரய்யாவின் தப்பு மலை அதிர முழங்கியது.

தர்மலிங்கம் சொன்னதைச் செய்தார். மறு ஆண்டு, எதிர்த்து வாய்பேசாதவள் என்று தேடியெடுத்த வேறொருத்தியின் தலையில் கரகம் ஏறியது. வள்ளியம்மை கூட்டத்தோடு கூட்டமாய், மகளின் கையைப் பற்றி நடந்தாள். ஜுனைதீன் வாசலை அடைந்ததும், எவரும் சொல்லாமலே, அந்த வாய்பேசாதவள் நின்றாள். அவள் பின்னே லயம் முழுதும் நின்றது. கொடி பிடித்து அவர்களை ஓரினமாக்க வந்தவர்கள் பலர். அம்மலைமக்களோ, நகரமாட்டோம் என்று நின்ற அவ்விடத்தில் ஓரினமாயினர்.